அம்மம்மாவின் விறாந்தை ஏன் இருண்டது? – காமாத் திருத்தமும் கணினி வெளிச்சமும்

“ஏன் மோனை இப்பிடி இருட்டிக் கிடக்கு?”

மடிக்கணினித் திரையைப் பார்த்துவிட்டு அம்மம்மா கேட்ட முதல் கேள்வி அதுதான். இரண்டு மாதமாக இரவிரவாக இருந்து நான் கட்டிய வீடு. நாற்புறமும் விறாந்தை, நடுவில் முற்றம், ஓட்டுக் கூரை, சிவப்புச் சீமெந்து நிலம். எல்லாம் கணினிக்குள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் கிட்ட வந்து பார்த்தார்.

“முத்தத்து வெளிச்சம் உள்ளுக்க வரும். மத்தியானத்திலை சாமி அறைப் படத்திலை இருக்கிற முகங்கூடத் தெரியும். இது ஆற்றையோ வீடு.”

அந்த வீடு வலிகாமம் வடக்கில் இருந்தது. 1990 ஆனியில் எங்கள் குடும்பம் அங்கிருந்து வெளியேறியபோது நான் கைக்குழந்தை. பிறகு அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டது. 2017 இல் மயிலிட்டிப் பக்கம் சில காணிகள் விடுவிக்கப்பட்டபோது எங்கள் காணியும் அதற்குள் வந்தது. போய்ப் பார்த்தால் கிணறும் அத்திவாரத்தின் மூன்று பக்கமும்தான் மிச்சம். மாமாவின் கலியாணத்தில் எடுத்த ஒரேயொரு கலர்ப் படம் ட்ரங்குப் பெட்டிக்குள் தப்பியிருக்கிறது. அதில் முற்றத்தின் ஒரு மூலையும் இரண்டு தூண்களும் தெரிகின்றன. அத்திவாரத்தை நாடாவால் அளந்தேன். மிச்சத்தை அம்மம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். எண்பது வயதைத் தாண்டியவர், தூண்களின் எண்ணிக்கையையும் யன்னல் கம்பிகளின் எண்ணிக்கையையும் தடுமாறாமல் சொன்னார்.

ஆகவே அளவுகளில் பிழையில்லை. வெளிச்சத்தில்தான் பிழை. அந்தப் பிழை என்ன, ஏன் வருகிறது, எப்படித் தீர்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். இழந்த வீட்டையும் ஊரையும் கோயிலையும் கணினியில் மீட்டுப் பார்க்க விரும்பும் இளம் ஆட்கள் இப்போது எங்கள் பக்கம் பலர் இருக்கிறார்கள். நான் பட்ட பாட்டை அவர்களும் படத் தேவையில்லை.

விளக்கை ஏற்றினால் தீராத இருட்டு

நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வது. இருட்டாக இருக்கிறதா, விளக்கைப் போடு. நிசத்தில் இல்லாத நான்கு விளக்குகளைக் கூரைக்குள் ஒளித்து வைத்தேன். விறாந்தை வெளித்தது. ஆனால் விளக்குக்குப் பக்கத்துச் சுவர் வெள்ளையாக எரிந்துபோய், இரண்டடி தள்ளிய மூலை கறுப்பாகவே கிடந்தது. வெயிலைக் கூட்டினால் முற்றம் பாலைவனம்போல் ஆனது. நாடக மேடையில் செற் போட்ட வீடு மாதிரி இருந்ததே தவிர, ஆட்கள் குடியிருந்த வீடாகத் தெரியவில்லை.

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்தவன்தான் நான். கமராவில் ஒரு ஸ்ரொப் திறந்தால் இரண்டு மடங்கு ஒளி என்பதைப் பரீட்சைக்கு எழுதிப் புள்ளியும் எடுத்திருக்கிறேன். ஆனால் அந்த ‘இரண்டு மடங்கு’ கணினிக்குள் எந்த எண்ணாக மாறுகிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. நான் பயன்படுத்தியது ஒரு நண்பரின் கணினியில் இருந்த பழைய முப்பரிமாண மென்பொருள். அதில் காமா என்றொரு தெரிவு நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததை ஆறு கிழமைக்குப் பிறகுதான் கண்டுபிடித்தேன்.

ஜாம் போத்தல் விளக்கு

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இந்தப் பாடத்தின் முதற்பாதி ஏற்கெனவே தெரியும். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, அதில் ஊறிய சொட்டு மண்ணெண்ணெய், ஒரு திரி. என் பெரியம்மாவின் மகள் அந்த வெளிச்சத்தில்தான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தார்.

இருட்டு அறையில் ஒரு விளக்கு எரிகிறது. பக்கத்தில் இன்னொன்றை ஏற்றுகிறீர்கள். கொப்பியில் விழும் ஒளி சரியாக இரண்டு மடங்காகிறது. மூன்றாவது ஏற்றினால் மூன்று மடங்கு. ஒளி இப்படித்தான் நடக்கும், கூட்டல் கணக்குப் பிசகாது. இதைத்தான் ‘லீனியர்’, அதாவது நேர்விகிதம் என்கிறார்கள். தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. விளக்கிலிருந்து ஒரு முழத்தில் இருந்த கொப்பியை இரண்டு முழத்துக்கு நகர்த்தினால் அதில் விழும் ஒளி பாதியாகாது, நாலில் ஒன்றாகும். மூன்று முழமென்றால் ஒன்பதில் ஒன்று.

ஆனால் கண் இந்தக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. ஒரு விளக்கு இரண்டாகும்போது பெரிய மாற்றம் தெரியும். இருபது விளக்கு எரியும் கலியாணப் பந்தலில் இருபத்தோராவதை ஏற்றினால் யாருக்கும் தெரியாது. கூடிய ஒளி இரண்டிலும் ஒன்றுதான். இருளில் சிறு வேறுபாட்டையும் பிடிக்கும் கண், வெளிச்சத்தில் பெரிய வேறுபாட்டையும் கவனிக்காமல் விடும். தன்மேல் விழும் ஒளியில் 18 வீதத்தை மட்டும் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டையைப் படப்பிடிப்பாளர்கள் ‘நடுச் சாம்பல்’ என்று வைத்திருப்பது அதனால்தான். ஒளியில் அது ஐந்தில் ஒன்றுகூட இல்லை. கண்ணுக்கோ அது கறுப்புக்கும் வெள்ளைக்கும் நட்டநடு.

இப்போது கணினிக்கு வருவோம். நாங்கள் வட்சப்பில் அனுப்பும் சாதாரணப் படக்கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான் உண்டு, 0 முதல் 255 வரை. இந்தப் படிகளை ஒளியின் அளவுக்கு நேர்விகிதமாகப் பிரித்துக் கொடுத்தால், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத வெளிச்சப் பக்கத்துக்குப் பெரும் பங்கு போய்விடும். இருண்ட பக்கத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம். நிழலில் இருக்கும் முகம் பட்டை பட்டையாக உடையும். அதனால் கோப்பில் எழுதும்போது இருண்ட பக்கத்தை விரித்தும் வெளிச்சப் பக்கத்தைச் சுருக்கியும் எழுதுகிறார்கள். திரையில் காட்டும்போது அதைத் தலைகீழாகத் திருப்பி உண்மையான ஒளியாக்குகிறார்கள். அந்த வளைவின் அளவுக்குப் பெயர்தான் காமா.

பெயர் பழையது. 1890 இல் இங்கிலாந்தில் ஹேர்ட்டர், டிரிஃபீல்ட் என்ற இருவர் படத்தகடு ஒளிக்கு எப்படிக் கறுக்கிறது என்பதை வரைபாக வரைந்தார்கள். அந்த வரைபின் சாய்வைக் குறிக்கவே படக்கலையில் இந்தக் கிரேக்க எழுத்து வந்தது. பின்னர் தொலைக்காட்சி வந்தது. பழைய குழாய்த் தொலைக்காட்சியில் மின்னழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் வெளிச்சம் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்குக்கும் மேல் கூடும். அந்த வளைவு கண்ணின் வளைவுக்குக் கிட்டத்தட்ட நேர் எதிராக அமைந்தது தற்செயல். அந்தத் தற்செயலின் மேல்தான் முழுத் துறையும் கட்டப்பட்டது. 1996 இல் ஹியூலெட் பக்கார்ட்டும் மைக்ரோசொப்ட்டும் எஸ்ஆர்ஜிபி என்ற பொது முறையை முன்வைத்தன, 1999 இல் அது சர்வதேச நியமமானது. கணக்காகச் சொன்னால் இருண்ட முனையில் ஒரு சிறு நேர்கோடு, அதற்கு மேல் 2.4 என்ற அடுக்கு. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 2.2 அடுக்காக நடக்கும். குழாய்த் தொலைக்காட்சி போய்விட்டது. உங்கள் கையிலுள்ள தொலைபேசித் திரை இன்றும் அந்த வளைவைப் பின்பற்றுகிறது.

இதிலிருந்து வரும் ஒரு முடிவை மனதில் வைத்துக்கொண்டால் போதும். கோப்பில் 128 என்று எழுதியிருந்தால் அது 255 இன் பாதி. ஆனால் அது தரும் ஒளி பாதியல்ல, ஏறத்தாழ 22 வீதம். உண்மையான பாதி ஒளிக்குக் கோப்பில் எழுத வேண்டிய எண் 188. நடுச் சாம்பலின் 18 வீதத்துக்கு 118.

நம்ப முடியாதவர்கள் ஒரு பரிசோதனை செய்யலாம். ஒரு பிக்சல் கறுப்பு, அடுத்தது வெள்ளை என்று சதுரங்கப் பலகைபோல் ஒரு சிறு படம் செய்யுங்கள். பக்கத்தில் 128 சாம்பல் கட்டமொன்றும் 188 சாம்பல் கட்டமொன்றும் வையுங்கள். கணினித் திரையில் படத்தை 100 வீத அளவில் திறந்து, எழும்பிப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். சதுரங்கப் பலகை 188 உடன்தான் ஒட்டிப்போகும். 128 இருண்டு தனியே நிற்கும்.

விறாந்தையில் நடந்தது

ரெண்டர் என்பது ஒளியைக் கூட்டுவதும் பெருக்குவதும்தான். வேறு மந்திரம் இல்லை. வெயில் முற்றத்து நிலத்தில் விழுகிறது. நிலம் அதில் ஒரு பங்கைத் திருப்பி விடுகிறது, அது விறாந்தைச் சுவரில் படுகிறது. சுவர் அதில் ஒரு பங்கை அறைக்குள் அனுப்புகிறது. ஒவ்வொரு படுகையிலும் ஒரு பெருக்கல். நாற்சார் வீட்டின் உள்ளறைக்கு வெளிச்சம் கிடைப்பதே இந்த இரண்டாம், மூன்றாம் படுகையால்தான். அம்மம்மா சொன்ன ‘முத்தத்து வெளிச்சம்’ அதுதான்.

என் மென்பொருள் இந்தக் கணக்கை ஒளியின் உண்மையான அளவில்தான் செய்தது. ஆனால் முடிவைத் திரைக்கு அனுப்பும்போது வளைவைப் போடவில்லை. 0.25 என்று கணக்கில் வந்த சுவர், நாலில் ஒரு பங்கு ஒளியாகத் தெரிய வேண்டியது. திரையோ வழமைபோல் தன் வளைவைப் போட்டு அதை 5 வீதமாக்கிவிட்டது. நாலில் ஒன்று இருபதில் ஒன்றானது. விளக்குக்குக் கிட்ட எரிச்சல், சற்றுத் தள்ளியதும் கரி இருட்டு என்று நான் கண்டதன் காரணம் இதுதான். மேலும் மேலும் விளக்கு வைத்து நான் சண்டை பிடித்தது வீட்டின் இருட்டோடல்ல, திரையின் வளைவோடு.

முன்பு இத்துறையில் பலர் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். தூரத்துக்கு நாலில் ஒன்றாகக் குறையும் விதியையே நிறுத்திவிடுவார்கள், இல்லாவிட்டால் பாதியாகக் குறையும்படி மாற்றிவிடுவார்கள். இயற்கையில் இல்லாத விளக்கு. பார்வைக்கு ஓரளவு சரியாக வரும். பிழையை இன்னொரு பிழையால் சமன் செய்வது.

இரண்டாவது பிழை இன்னும் நுட்பமானது. அத்திவாரத்தில் மிஞ்சிய சிவப்புச் சீமெந்தைத் தொலைபேசியில் படமெடுத்து அதையே நிலத்துக்கு ஒட்டினேன். டெக்ஸ்சர் என்பார்கள். அந்தப் படம் ஏற்கெனவே வளைவு போட்டு எழுதப்பட்ட கோப்பு. அதை அவிழ்க்காமல் அப்படியே கணக்குக்குள் விட்டேன். அதில் ஒரு பிக்சல் சிவப்பு 150, பச்சை 70 என்று இருந்தது. எண்ணைப் பார்த்தால் சிவப்பு பச்சையின் இரண்டு மடங்கு. அவிழ்த்துப் பார்த்தால் சிவப்பு 0.305, பச்சை 0.061. அதாவது ஐந்து மடங்கு. ஆகவே நிலத்தில் பட்டு வெள்ளைச் சுவரில் ஏற வேண்டிய இளஞ்சிவப்புச் சாயல் என் படத்தில் வெளிறிப் போனது. பழைய வீடுகளில் மத்தியான நேரம் சுவரின் அடிப்பாகத்தில் அந்தச் சாயலைப் பார்த்தவர்களுக்கு, இல்லாதபோது ஏதோ குறைகிறது என்று தோன்றும். என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியாது.

சுண்ணாம்புச் சுவரும் அப்படித்தான். கோப்பில் 200 என்றிருந்த சுவரை 78 வீதம் ஒளியைத் திருப்பும் சுவராகக் கணினி எடுத்துக்கொண்டது. உண்மை 58 வீதம். ஒரு படுகையில் இது பெரிதாகத் தெரியாது. மூன்று படுகைக்குப் பிறகு ஒன்று 48 வீதம், மற்றது 19 வீதம். வித்தியாசம் இரண்டரை மடங்கு.

இவ்வளவு பெரிய பிழை எப்படி நெடுங்காலம் ஆட்களின் கண்ணில் படாமல் இருந்தது? உள்ளே வரும்போது அவிழ்க்காமல் விட்டு, வெளியே போகும்போது போடாமல் விட்டால், இரண்டு பிழையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். படத்தை ஒட்டினீர்கள், அதே படம் அதே நிறத்தில் திரையில் வந்தது, எல்லாம் சரி என்று நினைப்பீர்கள். இடையில் ஒளியைக் கூட்டிப் பெருக்கும் இடத்தில் மட்டும் பிழை ஒளிந்திருக்கும். 128 தரும் விளக்கொன்றும் 128 தரும் இன்னொன்றும் ஒரே சுவரில் விழுந்தால், எண்களைக் கூட்டும் கணினி முழு வெள்ளை என்று சொல்லும். உண்மையில் அது 43 வீத ஒளிதான், கோப்பில் 176. ஜாம் போத்தல் விளக்கு இரண்டை ஏற்றி யாரும் சுவர் வெளுத்துப்போகக் கண்டதில்லை.

2007 இல் வெளிவந்த ‘ஜிபியு ஜெம்ஸ் 3’ என்ற நூலில் லாரி கிரிட்ஸ், யூஜீன் டியோன் இருவரும் இதற்கென்றே ஓர் அத்தியாயம் எழுதினார்கள். விளையாட்டு, சினிமா இரண்டு துறையினரும் இன்றும் அதைக் காட்டுவார்கள்.

லீனியர் முறை

தீர்வு சொல்லச் சிறியது. கணக்குக்குள் வரும் நிறப்படம் எதுவானாலும் வாசலிலேயே வளைவை அவிழ்க்க வேண்டும். உள்ளே நடக்கும் கூட்டல், பெருக்கல், மங்கலாக்கல், ஒன்றோடொன்று கலத்தல் யாவும் உண்மையான ஒளியின் அளவில் நடக்க வேண்டும். கடைசியாகத் திரைக்குப் போகும் வாசலில் ஒரேயொரு தடவை வளைவைப் போட வேண்டும். இதைத்தான் லீனியர் வேர்க்புளோ என்கிறார்கள்.

இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் இதை இயல்பாகவே செய்கிறது. நான் கடைசியில் வீட்டை அதற்குத்தான் மாற்றினேன். ஆனாலும் கை தவறும் இடங்கள் அதிலும் உண்டு. எல்லாப் படமும் நிறப்படம் அல்ல. சுவரின் மேடு பள்ளத்தைச் சொல்லும் நோர்மல் மேப், எவ்வளவு சொரசொரப்பு என்று சொல்லும் ரஃப்னஸ் மேப் போன்றவை படமாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது அளவுகள். அவற்றை அவிழ்க்கக் கூடாது. பிளெண்டரில் அவற்றுக்கு ‘நொன்-கலர்’ என்று குறிக்க வேண்டும். குறிக்காமல் விட்டால் என் சுண்ணாம்புச் சுவர் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கியது. மறுபக்கமாக, நிறப்படத்துக்கு நொன்-கலர் என்று போட்டால் நிறம் வெளிறிப் பால் ஊற்றியதுபோல் வரும். படம் வெளிறித் தெரிந்தால் நான் முதலில் அந்த இடத்தைத்தான் பார்ப்பேன்.

ரெண்டரைச் சேமிப்பதிலும் கவனம் வேண்டும். பிறகு திருத்தும் எண்ணம் இருந்தால் ஜேபெக்காகச் சேமிக்காதீர்கள். ஓப்பின் இஎக்ஸ்ஆர் என்ற கோப்புவகை இருக்கிறது. ஹொலிவூட்டின் இண்டஸ்ட்ரியல் லைட் அன்ட் மஜிக் நிறுவனம் 2003 இல் பொதுவுக்குத் திறந்து விட்டது. அது ஒளியின் அளவை அப்படியே தசம எண்ணாக வைத்திருக்கும். வெயில் விழுந்த முற்றம் திரையின் வெள்ளையைவிடப் பத்து மடங்கு கூட இருந்தாலும் அது வெட்டுப்படாது.

அந்தப் பத்து மடங்கை என்ன செய்வது என்பது வேறு கேள்வி, அதைக் காமாவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. காமா சரியாக இருந்தும் என் முற்றம் வெள்ளைத் தாளாகத்தான் வந்தது. யாழ்ப்பாணத்துப் பங்குனி வெயிலையும் சாமி அறையின் நிழலையும் ஒரே படத்துக்குள் அடக்க, மிகு வெளிச்சத்தை மெதுவாக மடக்கும் இன்னொரு வளைவு வேண்டும். பிளெண்டரில் 2017 இன் 2.79 பதிப்பில் ஃபில்மிக் என்ற பெயரில் ஒன்று வந்தது. 2023 இன் 4.0 பதிப்பிலிருந்து ஏஜிஎக்ஸ் என்பது இயல்புநிலை. எனக்கு ஏஜிஎக்ஸ் சற்று மங்கலாகத் தெரிகிறது. அது ரசனை, வாதிட மாட்டேன்.

ஸ்டூடியோவில் ஒட்டும் படங்கள்

முப்பரிமாண வேலை எனக்கு வேண்டாம் என்பவர்களுக்கும் இது தேவைப்படும் ஓரிடம் உண்டு. எங்கள் ஊர்களில் ஸ்டூடியோக்காரர்கள் செய்யும் ஒரு வேலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மகளின் கலியாணப் படத்தில் காணாமல் ஆக்கப்பட்ட தகப்பனை, அடையாள அட்டைப் படத்திலிருந்து வெட்டி எடுத்துப் பக்கத்தில் நிறுத்துவார்கள். பார்த்தவுடன் தெரிந்துவிடும். தலைமயிரைச் சுற்றியும் தோளைச் சுற்றியும் ஒரு கறுப்புக் கோடு, ஊத்தை பிடித்ததுபோல்.

வெட்டியவரின் கை பிழைத்திருக்கலாம். ஆனால் நன்றாக வெட்டினாலும் அந்தக் கோடு வருவதுண்டு, அதற்குக் காரணம் காமா. விளிம்பில் உள்ள பிக்சல் பாதி மயிர், பாதி பின்னணி. கோப்பின் எண்களைக் கலந்தால் கிடைப்பது உண்மையான கலப்பைவிட இருண்டது. சிவப்புச் சேலையைப் பச்சைத் திரைக்கு முன் ஒட்டிப் பாருங்கள். பாதிப் பாதி கலந்த விளிம்பு சிவப்பு 128, பச்சை 128 என்று சேறாக வரும். ஒளியில் கலந்தால் இரண்டும் 188. போட்டோஷொப்பின் நிற அமைப்புகளில், நிறங்களைக் காமா 1.0 இல் கலக்கச் சொல்லும் தெரிவு ஒன்று இருக்கிறது. கிம்ப் 2018 இன் 2.10 பதிப்பிலிருந்து லீனியரில் வேலை செய்யக்கூடியது.

படத்தைச் சிறிதாக்கும்போதும் இதே கதைதான். கண்ணில் மின்னும் சிறு வெள்ளைப் புள்ளி, தோட்டின் மினுக்கம் போன்றவை எண்களைச் சராசரி எடுத்தால் அளவுக்கு மேல் இருண்டுவிடும். ஆனால் எல்லாவற்றையும் லீனியரில்தான் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சிறு படத்தைப் பெரிதாக்கும்போதும் கூர்மையாக்கும்போதும் லீனியரில் செய்தால் முகத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் தூக்கலாகத் தெரியலாம். கண்ணுக்கு ஏற்ற அளவு வேண்டிய இடத்தில் வளைவோடு வேலை செய்வதே நல்லது. இரண்டு விதமாகவும் செய்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எப்படிச் செய்தாலும் மூலப்படத்தின் ஸ்கேனைத் தொடாமல் தனியே வையுங்கள். தெருவோரத்தில் தாய்மார் ஏந்தி நிற்கும் படங்களில் பல, படத்தைப் படமெடுத்து அதையும் படமெடுத்தவை. ஒவ்வொரு தடவையும் யாரோ ‘கொஞ்சம் வெளிப்பாக்க’ ஒரு வளைவைப் போட்டிருக்கிறார்கள். நிழலில் இருந்த கன்னத்து மச்சம் ஒருமுறை அழிந்தால், பிறகு எந்த மென்பொருளாலும் அதைத் திருப்பித் தர முடியாது.

நினைவிலிருந்து கட்டடம் எழுப்புவது வீட்டு ஆசையோடு நிற்கும் வேலையுமல்ல. சிரியாவின் சைத்னாயா சிறைக்குள் செய்தியாளர்களோ கண்காணிப்பாளர்களோ போக முடியாதிருந்த காலத்தில், 2016 இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியிலுள்ள ஃபொரன்சிக் ஆர்க்கிடெக்சர் குழுவும் அம்னெஸ்டி இன்டர்நெஷனலும் உயிர் தப்பி வந்தவர்களைக் கேட்டுக் கேட்டே அதன் முப்பரிமாண மாதிரியைக் கட்டினார்கள். பெரும்பாலும் இருளிலோ கண் கட்டப்பட்டோ இருந்தவர்களின் நினைவு என்பதால், கேட்ட சத்தங்களையும் கொண்டு கணித்தார்கள். அப்படியான மாதிரியை ஒரு சாட்சி பார்த்து ‘அறை இவ்வளவு இருட்டில்லை’ என்று சொன்னால், அது அவரது நினைவா அல்லது தவறவிட்ட ஒரு காமாத் தெரிவா என்ற சந்தேகத்துக்கே இடம் இருக்கக் கூடாது. என் அம்மம்மா சொன்னதை முதலில் நான் கண் பார்வைக் குறை என்றுதான் நினைத்தேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பவும் விறாந்தைக்கு

பிளெண்டருக்கு மாற்றிய பிறகு செய்த முதல் வேலை, ஒளித்து வைத்திருந்த நான்கு விளக்கையும் அழித்தது. மிஞ்சியது சூரியனும் வானமும் மட்டும். நிலத்துப் படத்தை நிறப்படமாகவும் மேடு பள்ளப் படத்தை நொன்-கலராகவும் குறித்தேன். படுகைகளின் எண்ணிக்கையைக் கூட்டினேன். மின்வெட்டு வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டு இரவு ஓடவிட்டேன்.

காலையில் பார்த்தால் விறாந்தை வெளித்திருந்தது. சுவரின் அடியில் இளஞ்சிவப்பு ஏறியிருந்தது. சாமி அறைக் கதவுக்கு உள்ளே, நான் ஒரு விளக்கும் வைக்காத இடத்தில், சட்டம் போட்ட படமொன்றின் விளிம்பு மங்கலாகத் தெரிந்தது.

அம்மம்மாவிடம் கொண்டுபோனேன். கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தூணின் நிழலை விரலால் தொட்டார்.

“இது எத்தினை மணி?”

“பத்து மணிக்கு வைச்சனான் அம்மம்மா.”

“பத்து மணிக்கு ஆர் வீட்டிலை நிண்டது? எல்லாரும் தோட்டத்திலை. நாலு மணியாக்கு. அப்பதான் உன்ரை தாத்தா அந்தத் தூணோடை கதிரை போட்டு இருக்கிறவர்.”

சூரியனை மேற்கே திருப்பி வைத்திருக்கிறேன். கதிரை இன்னும் செய்யவில்லை. சாய்மனைக் கதிரைதான், ஆனால் கைப்பிடி நீளம் எவ்வளவு என்று கேட்க வேண்டும்.